நிற்கிற பஸ்ஸின் தூரம்

“போயேன்! யாரு வேண்டாம்னா? உங்கம்மா வீடுதானே, வழி தெரியாதா என்ன? போன தடவையும் இப்படித்தான் கிளம்பினே. நாலே நாள்ல நீயாவே வந்து நின்னே. என்னது, நான் வந்து கூப்பிடணுமா? கடையில ஆள் இருக்கு. வை போனை!”

துப்பாக்கிக் கடைக்காரர் போனை மேஜைமேல் போட்டார். வாய்தான் அப்படிப் பேசியது. நேரில் போய் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள். போகத்தான் போகிறார். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு ஓடினால் அப்புறம் மரியாதை என்னாவது? நேரம் இருக்கிறது. கொஞ்சம் தவிக்கட்டும்.

எதிரில் பல் டாக்டர் ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றார். ரைஃபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்.

“சார், போன வாரம் வாங்கின குறிபார்க்கிற ஸ்கோப். தூரத்தைத் தப்பாக் காட்டுது. மாத்திக் கொடுங்க.”

“ஸ்கோப்பு எங்கேயாவது தப்பாக் காட்டுமா டாக்டர்? பார்க்கிறவங்கதான் தப்பாப் பார்ப்பாங்க. வாங்க இப்படி.”

மாடி ஜன்னலில் ஒரு மணல் பையை வைத்து, அதன்மேல் ஸ்கோப்பைக் கிடத்தினார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கடைக்காரர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த மாதிரி ஆளுக்குப் பாடம் எடுக்கத் திரும்பி வேறு உட்கார வேண்டுமா!

“உள்ளே கம்பியில சின்னச் சின்னக் கோடு தெரியுதா? ஒரு பொருளோட உயரம் தெரிஞ்சா போதும். அது எத்தனை கோடு உசரம் இருக்குன்னு எண்ணுங்க. உயரத்தை மில்லிமீட்டர்ல வச்சு, அந்த எண்ணிக்கையால வகுத்தா, தூரம் மீட்டர்ல வந்துடும். அஞ்சாங்கிளாஸ் கணக்கு.”

“எதைப் பார்க்கட்டும்?”

“ரோடு நேரா ஓடுதில்ல? பஸ் ஸ்டாண்ட் வாசல்ல ஒரு மஞ்சள் பஸ் நமக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கும். உயரம் மூணு மீட்டர். மூவாயிரம்னு வச்சுக்குங்க.”

டாக்டர் வாய்க்குள்ளேயே எண்ணினார். “பத்துக் கோடு.”

“முந்நூறு மீட்டர். பரவாயில்லையே, பல்லை எண்ணிப் பழகின கண்ணு! இன்னொரு தடவை எண்ணுங்க. முதல் தடவை குருட்டாம்போக்குல சரியா வந்திருக்கும்.”

மேஜைமேல் போன் அடித்தது. கடைக்காரர் பெயரைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதன் வாயை அடைத்தார்.

“எட்டு” என்றார் டாக்டர்.

“எட்டா? அப்போ முந்நூத்தி எழுபத்தஞ்சு. பஸ்ஸு டீ குடிக்கப் போயிருக்கா? பெரிசாக்குற வளையத்தைத் திருகினீங்களா? கணக்கு பத்து மடங்குல வச்சாத்தான் சரியா வரும்னு விக்கும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

“வளையம் பத்துலதான் இருக்கு. நான் தொடவே இல்ல.”

“பின்னே மூச்சை அடக்கி எண்ணுங்க.”

“இப்போ ஆறு சார்.”

“ஐந்நூறு! பேஷ்! இந்தக் கையை வச்சுக்கிட்டுத்தான் பல்லு பிடுங்குறீங்களா? ஊருக்குள்ள எத்தனை நல்ல பல்லு அநியாயமாப் போச்சோ!”

டாக்டரின் காது சிவந்தது. “கோவிச்சுக்காதீங்க. எனக்கு என்னவோ பஸ் போற மாதிரி தெரியுது.”

கடைக்காரர் நாற்காலி குலுங்கச் சிரித்தார். “எது, அந்த பஸ்ஸா? பதினஞ்சு வருஷமா இந்த ஜன்னல்ல பார்க்கிறேன். போர்டுல பத்தரைன்னு போட்டிருப்பான், அது சும்மா அழகுக்கு. டிரைவர் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு முடிக்காம எழுந்திருக்கவே மாட்டார். பதினொண்ணுக்கு முன்னாடி அந்த பஸ் அசைஞ்சதா சரித்திரமே கிடையாது. அசையுறது உங்க கை!”

இதைக் கொஞ்சம் அதிகப்படியான சத்தத்தில்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தைந்து. ஏகப்பட்ட நேரம் இருக்கிறது.

“அஞ்சு கோடு” என்றார் டாக்டர் பரிதாபமாக. “அறுநூறு மீட்டர். சார், எனக்கு வேற ஸ்கோப்பே கொடுத்துடுங்க.”

“உங்களுக்கு ஸ்கோப்பை மாத்தி என்ன பிரயோசனம்? கண்ணை மாத்தணும். தள்ளுங்க இப்படி!”

கடைக்காரர் வேண்டாவெறுப்பாக எழுந்து வந்து, ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். பஸ் ஸ்டாண்ட் வாசலில் நாலு புறாக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மஞ்சள் பஸ்ஸைக் காணோம். ஸ்கோப்பை மெல்ல ரோட்டோடு நகர்த்தினார். தூரத்தில், மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. புது டிரைவர் போலிருக்கிறது.

“எத்தனை கோடு சார்?” டாக்டர் ஆவலோடு கேட்டார். “நான் எண்ணினது சரிதானே?”

நாலு கோடு. பஸ்ஸின் பின்கண்ணாடி ஓரம், கடைசி இருக்கையில், காதில் போனை வைத்தபடி, இந்தக் கடையின் மாடிப்படியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள் அவருடைய மனைவி.