ஆட்டக் குதிரை

பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. மாப்பிள்ளையைச் சுமந்த வெள்ளைக் குதிரை வலது முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்க, ஊர்வலமே விசிலடித்தது. "என்னமா ஆடுது பாரு!" பெண் வீட்டாரோடு வந்திருந்த தாமரைச்செல்விக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கால்நடை மருத்துவர். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"இதுக்குப் பேரு ஆட்டமாய்யா? காலை ஊன முடியாம துடிக்குது. மாப்பிள்ளையை இறக்குங்க!"

"நல்ல நேரம் போகுதும்மா," என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"போகட்டும்!"

மாப்பிள்ளை இறங்கியதும், பட்டுப்புடவை மண்ணில் புரள, குளம்பை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். ஜெனரேட்டர்காரரிடம் வாங்கிய குறட்டால், உள்ளே புதைந்திருந்த ஆணியைப் பிடுங்கினாள். சீழ் பீறிட்டு அவள் கையெல்லாம் வழிந்தது. விசிலடித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். குதிரை தயங்கித் தயங்கி அந்தக் காலைத் தரையில் வைத்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது.

பேண்டு மறுபடி முழங்கியது. குதிரை அசையவில்லை. டிரம்காரன் அதன் காதருகே போய் அடித்துப் பார்த்தான். அப்போதும் அது சும்மாவே நின்றது.

"நல்லா ஆடிட்டிருந்ததைக் கெடுத்துட்டாளே," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

தாமரைச்செல்வி குதிரைக்காரன் வடமலையின் பக்கம் திரும்பிச் சீறினாள். "ஆணி ஏறினதுகூடத் தெரியாம என்னய்யா குதிரை வளர்க்கிறே?"

வடமலை தலையைச் சொறிந்தான். பிறகு பணிவாகக் கையை நீட்டினான்.

"நாளைக்கு இன்னொரு கல்யாணம் இருக்கு மேடம். அந்த ஆணியைக் குடுத்துடுங்க."