அண்ணனுக்கு ஒரு கிண்ணம்

"அதுல உக்காராத. அவன் வர்ற நேரம்."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். யான்சியு பாதி மடக்கிய முழங்காலை நிமிர்த்தி முக்காலியை விட்டு விலகினாள். முக்காலிக்கு எதிரே, மேசைமேல், ஆவி பறக்க இருந்தது ஒரு கிண்ணம்.

உள்ளே ஷான்சாப் பழத்தைக் கற்கண்டோடு காய்ச்சிய சிவப்புத் தேநீர். இலந்தையைவிடச் சற்றுப் பெரிய அந்தப் புளிப்புப் பழம் மலையடிவாரத் தோப்பெல்லாம் காய்த்துத் தொங்கும். கறி தின்று வயிறு கனத்தவர்கள் குடிப்பார்கள், ரத்தம் கட்டியவர்கள் குடிப்பார்கள். பிள்ளை உண்டானவள் மட்டும் அதன் பக்கமே போகக்கூடாது. கருவைக் கரைத்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

யான்சியுவுக்கு இது மூன்றாம் மாதம். இருபத்தெட்டாவது பிறந்தநாளைச் சாக்காக வைத்து நகரத்திலிருந்து ஐந்து மணிநேரம் பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறாள். பிரசவத்துக்கு அம்மா தன்னோடு வந்து இருக்க வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பு தேறும் அந்த ஒரு மாதமும் அம்மா கையால் சாப்பிட வேண்டும். போனில் மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் இல்லை என்றாகிவிட்டது. நேரில் கேட்டால் எப்படி மறுப்பாள், பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டாள்.

வருஷா வருஷம் அவள் பிறந்தநாளில் அம்மா இரண்டு கிண்ணம் வைப்பாள். ஆயுள் நீள, நீளநீளமான நூடுல்ஸ் ஒன்று மகளுக்கு. வயிற்றிலேயே போய்விட்ட அண்ணனுக்கு இது. அவனுக்கென்று தனி நாள் எதற்கு, மூட்டிய அடுப்பிலேயே இரண்டு வேலையும் முடியட்டும் என்ற சிக்கனம் போலும் என்று யான்சியு நினைத்துக்கொள்வாள்.

சின்ன வயதில் அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே காவல் இருந்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் ஒரு விரற்கடை குறைந்திருக்கும். ஆவியாய்ப் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிறகும் முதுகு சில்லிடுவது நிற்கவில்லை.

அப்பாவுக்கு அரசாங்க ஆலையில் வேலை. ஒரு பிள்ளைக்குமேல் பெற்றால் வேலை போய்விடும் என்றிருந்த காலம் அது. அவன் தங்கியிருந்தால் தனக்குப் பிறப்பே இருந்திருக்காது என்பது யான்சியுவுக்குத் தெரியும். அவன் சோற்றைத் தின்று, அவன் படிப்பைப் படித்து, அவன் இடத்தில் உட்கார்ந்திருப்பது போலவே ஒரு நினைப்பு.

அவனைக் கரைத்த அந்தத் தேநீரை அம்மாவுக்குக் குடிக்கக் கொடுத்தது யார்? பன்னிரண்டு வயதில் அவளே கேட்டாள், அப்பாயியா என்று. அம்மா இல்லை என்று சொல்லவில்லை. அதுவே போதுமாயிருந்தது. அப்பாவைப் பெற்ற அந்தக் கிழவி செத்தபோது சவப்பெட்டிமுன் மண்டியிட மாட்டேன் என்று ஊர் பார்க்க நின்றாள் யான்சியு. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள். படித்த திமிர் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அம்மா நாட்டு வைத்தியர் மகள். இருமலுக்குப் பேரிக்காய், தூக்கத்துக்கு லாங்கன் என்று எந்தப் பழத்தை எதற்குக் காய்ச்சுவது என்பதெல்லாம் அத்துப்படி. ஊரில் எவளுக்குப் பிள்ளை பிறந்தாலும் லாங்கனும் செவ்விலந்தையும் கொதித்த பானையோடு முதல் ஆளாய்ப் போய் நிற்பாள். மகள் கூப்பிட்டால்தான் முழங்கால் வலி, கோழிக்குத் தீனி.

சரி, நாடியாவது பார் என்று யான்சியு கையை நீட்டினாள். அம்மா மூன்று விரலை வைத்தாள். நாடியில் பையனா பொண்ணா தெரிகிறது என்று கேட்டதும், சூடு பட்டவள்போல் விரலை எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்துச் சொல்வதை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம்.

யான்சியுவுக்குப் பொறுக்கவில்லை. "ஊர்ல எவ பெத்தாலும் ஓடுற. நான் பெத்தா மட்டும் உன் கோழி பட்டினி கெடந்து செத்துருமா?"

சம்பளத்துக்கு ஒருத்தியை வைத்துக்கொள் என்றாள் அம்மா. பழமெல்லாம் காயவைத்துக் கட்டித் தருவதாகவும் சொன்னாள்.

"கூலிக்கு வர்றவ கையால நான் எதுக்குக் குடிக்கணும்?"

"என் கையால நீ குடிக்க வேணாம்டி."

"அப்பாயி செஞ்ச பாவத்துக்கு உன் கை என்னம்மா பண்ணுச்சு?"

அம்மா கரண்டியை வைத்தாள். யாரையும் உட்காரவிடாத அந்த முக்காலியில், வந்து, தானே உட்கார்ந்தாள்.

"அவ குடுக்கல. நானே காச்சி நானே குடிச்சேன். பாதியிலேயே பாத்துட்டுப் பானையப் புடுங்கி முத்தத்துல ஊத்துனவ அவ. பிரசவம் பாத்து, அவனத் தோப்புல கொண்டுபோய்ப் பொதச்சவளும் அவதான். சாகுற வரைக்கும் உங்கப்பன்கிட்டகூட வாயத் தெறக்கல."

சவப்பெட்டிமுன் மண்டியிடாமல் நின்ற அந்த நாள் யான்சியுவின் கண்முன் வந்து நின்றது. "எப்ப நடந்துச்சு இது?"

"நீ பொறந்த அன்னிக்கு. உனக்குக் கால்மணி நேரம் முன்னால வந்தான். அழல. ரெண்டா இருக்கும்னு என் விரலுக்குத் தெரியல."

யான்சியுவின் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போயிற்று. மேசைமேல் கிண்ணத்தில் ஆவி அடங்கியிருந்தது.

"பையன் இருக்கான்னு தெரிஞ்சேவாம்மா குடிச்ச?"

அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொண்ணு இருக்குன்னு தெரிஞ்சு குடிச்சேன்."