மூடி வைத்த கிண்ணம்

"புழு!" என்றார் டாக்டர் கிரிம்ஸ்டன்.

முந்தாநாள் சுட்டு ஆறவைத்த ஆட்டுத் தொடையைக் கத்தி முனையால் தொட்டுக் காட்டினார். விருந்துக்கு வந்த மற்ற ஐந்து கனவான்களும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்காரர் சர் ஆம்ப்ரோஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "டார்கஸ்!"

சமையல்காரி வந்து நின்றாள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டு அடுப்பில் வெந்தவள்.

"ஈ மொய்க்க விட்டிருக்கே! இன்னிக்கே மூட்டையைக் கட்டு. நற்சான்றுக் கடிதம் கிடிதம்னு என் முன்னாடி வந்து நிக்காதே!"

கடிதம் இல்லாத வேலைக்காரியை லண்டனில் எந்த வீட்டுப் பின்வாசலும் உள்ளே விடாது. அது டார்கஸுக்கும் தெரியும். ஆனாலும் வாயை அடக்கவில்லை.

"ஈயா, துரை? ஈக்கும் புழுவுக்கும் சம்பந்தமே இல்லை, இறைச்சியிலேர்ந்து புழு தானாப் பிறக்கும், கிரேக்கத்துப் பெரியவர் ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே எழுதிட்டார்னு நீங்கதானே சொன்னீங்க? மூடி வைக்க ரெண்டு கஜம் மெல்லிசுத் துணி கேட்டதுக்கு, தண்டச் செலவுன்னு விரட்டினீங்களே!"

"நானா? எப்போ?"

"மே மாசம். இதே ரூம்ல."

"யார் சாட்சி?"

டார்கஸ் சுற்றிலும் பார்த்தாள். நாற்காலிகள்தான் சாட்சி.

டாக்டர் கிரிம்ஸ்டன் கணப்புக்கு மேலே கையை நீட்டினார். அங்கே தங்க எழுத்தில் 'நுல்லியஸ் இன் வெர்பா' என்று எழுதியிருந்தது. அவர்களுடைய அறிஞர் சங்கத்தின் தாரக மந்திரம். யார் சொன்னாலும் நம்பாதே, சோதித்துப் பார் என்று அர்த்தம். டார்கஸுக்கு லத்தீன் தெரியாது. ஆனால் வாராவாரம் தூசி தட்டுகிறவள் இதையாவது கேட்டு வைத்துக்கொள்ள மாட்டாளா?

"சாட்சியில்லாத சொல்லை நாங்க எப்படியம்மா ஏத்துக்கிறது?" என்றார் டாக்டர். "சோதிச்சுப் பார்த்துடுவோம். ரெண்டு கிண்ணம். ரெண்டுலயும் ஒரே இறைச்சி. ஒண்ணுக்குத் துணி கட்டு, ஒண்ணைத் திறந்து வை. ஆறு நாள் கழிச்சு வரோம். மூடினதுலயும் புழு இருந்தா, அது இறைச்சியோட குணம், நீ பிழைச்சே. இல்லேன்னா ஈதான் காரணம், தப்பு உன்னோடது. என்ன ஓய், சரிதானே?"

"பலே!" என்றார் சர் ஆம்ப்ரோஸ். சோதனைக்கென்றதும் ரெண்டு கஜம் துணி உடனே வந்தது.

கிண்ணங்கள் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்தன. திறந்த கிண்ணம் மூன்றாம் நாளே நெளிந்தது. மூடினது துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று டார்கஸுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அதுதானே வினையே!

ஐந்தாம் நாள் வண்டிக்காரன் டோபியாஸ் வந்து எட்டிப் பார்த்தான். துணிமேல் ஒரு கொழுத்த ஈ, இடம் தேடி அலைந்துகொண்டிருந்தது.

"அட மக்கு! துணியை ஒரு விரல் தூக்கி விடேன். உன் வேலையும் தப்பும், துரையோட கிரேக்கப் பெரியவர் மானமும் தப்பும். யாருக்கு என்ன நஷ்டம்?"

டார்கஸின் விரல் துணி ஓரம் வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு கட்டியிருந்த கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கியது.

"கண்ணால பார்க்கிறதை இல்லேன்னு சாதிக்க, நான் என்ன சங்கத்துலயா இருக்கேன்? போய்க் குதிரையைப் பாரு."

ஆறாம் நாள் கனவான்கள் வந்தார்கள். கிண்ணங்களைப் பார்த்தார்கள். ஆறு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தினம் மூன்று வேளை பார்த்தவளை யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. வேலைக்காரியின் கண் கணக்கில் வராது.

சர் ஆம்ப்ரோஸின் முகம் முதலில் தொங்கியது. அப்புறம் என்ன தோன்றியதோ, மெல்லப் பிரகாசமானது.

புதன்கிழமை சங்கத்தில் அவர் கட்டுரை வாசித்தார். வாசலில் வண்டியோடு காத்திருந்த டோபியாஸ் வந்து சொன்னான்: "கைதட்டல் தெரு வரைக்கும் கேட்டுது. 'ரெண்டாயிரம் வருஷமா உலகமே நம்பினதை நான் ஒருத்தன் சந்தேகப்பட்டேன்'னாராம்."

"என் பேரு வந்துதா?"

"கிண்ணம் வந்துது."

மறுநாள் மத்தியானம் பாராட்டு விருந்து. அதே ஆறு பேர். டார்கஸ் வாத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இதோட உன் வேலை முடிஞ்சுது, டார்கஸ்" என்றார் சர் ஆம்ப்ரோஸ். "ஈதான் காரணம்னு நிரூபணம் ஆயிடுச்சு. சோதனைக்கு முன்னாடி யார் என்ன சொல்லியிருந்தாலும் அது வெறும் வாய்ப்பேச்சு."

"நிரூபிச்சதே நான்தானே, துரை! சரி, போறேன். பதினெட்டு வருஷம் ஒழுங்கா சமைச்சேன்னு ஒரு கடிதம் மட்டும் கொடுங்க."

சர் ஆம்ப்ரோஸ் கணப்பு எழுத்தைக் காட்டிச் சிரித்தார். "நான் எழுதிக்கொடுத்தா மட்டும்? யார் சொல்லையும் நம்பக்கூடாதுங்கறதுதான் எங்க கொள்கை. போற வீட்டுல சமைச்சுக் காட்டு, அவங்களே தெரிஞ்சுக்கட்டும்."

கனவான்கள் மேசையைத் தட்டி ரசித்தார்கள். ஆளுக்கொரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் கிரிம்ஸ்டன் முதல் வாயை மென்றேவிட்டார்.

டார்கஸ் இடுப்பில் கட்டியிருந்த சமையல் மேலங்கியை அவிழ்த்து, நாலாக மடித்து, துரையின் நாற்காலிக் கையில் தொங்கவிட்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"வாத்து நேத்தே சுட்டது, துரை. துணி போட்டு மூடித்தான் வெச்சிருந்தேன்" என்றாள். "ஆனா, என் சொல்லை நம்பிடாதீங்க."