ஒன்பதாவது கை

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர்.

பிளம்பர் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

இத்தனைக்கும் தீர்மானம் அவருடையதுதான். பெரிய கிளப்புகளின் இரண்டாம் வரிசையான ரிசர்வ் அணிகள் இனி இந்த வட்டாரக் கால்பந்து லீக்கில் ஆடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தவர் அவர். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தவரும் அவர். சற்று முன்னால் எழுந்து நின்று தொண்டை கட்டப் பேசியவரும் சாட்சாத் அவரேதான்.

பேசியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. போன சீசனின் கடைசி ஆட்டத்தில் ஒரு டிரா எடுத்திருந்தால் அவருடைய சின்ன கிளப் மேல் பிரிவுக்கு ஏறியிருக்கும். எதிரணி ஒரு ரிசர்வ் அணி. மீசை அரும்பாத பையன்கள் வருவார்கள் என்று பார்த்தால், காயம் ஆறிய முதல் அணிக்காரர்கள் இரண்டு பேரைக் கால் பழகிக்கொள்ள அனுப்பி வைத்திருந்தார்கள். பிளம்பரின் பையன்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் பந்து உதைப்பவர்கள். ஐந்து கோல் வாங்கினார்கள்.

அந்த ரிசர்வ் அணியின் கோச், பிளம்பரின் தங்கை புருஷன்.

இப்போது எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். கூட்டம் நடந்தது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகளில் பதினாறு அணிகளின் பிரதிநிதிகளும் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அணிக்கு ஓர் ஓட்டு. ரிசர்வ் அணிகளுக்கும் உண்டு. தீர்மானம் நிறைவேற ஒன்பது கை வேண்டும். தன்னையும் சேர்த்துச் சரியாக ஒன்பது பேரைத்தான் பிளம்பரால் தேற்ற முடிந்திருந்தது.

அணி போனால் கோச்சின் வேலையும் போகும். இது பிளம்பருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இத்தனை நாள் தெரியாததுபோல் இருந்தார்.

காலையில் தங்கை போன் செய்தாள். அழுவாள், இல்லாவிட்டால் நன்றாக நாலு வாங்கு வாங்குவாள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்தார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, என்றைக்கு வர முடியும் என்று மட்டும் கேட்டாள். ஓட்டெடுப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை. திட்டியிருந்தால் அவர் கை தானாக எழுந்திருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. யாரை ஆடவைப்பது என்பது கோச் கையில் இல்லை. வாரம் முழுக்க அவர் பையன்களைப் பழக்குவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலே இருந்து போன் வரும். அவனை உட்காரவை, இவனை இறக்கு என்பார்கள். ஐந்து கோல் விழுந்த அன்றும் அவர் எழுதி வைத்திருந்த அணி வேறு. இதை அவரே ஒருநாள் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்றைய பேச்சில் பிளம்பர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது உறுத்தியது.

தலைவர் பேனாவால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். பேக்கரிக்காரர் கை தூக்கியிருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரரும், அந்த உர்ரென்ற பல் டாக்டரும்கூடத் தூக்கியிருந்தார்கள்.

எட்டு.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிளம்பரைப் பார்த்தார். கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டிவிட்டு மாப்பிள்ளை ஓடிவிட்டானா என்று பின்னால் யாரோ முணுமுணுக்க, இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிளம்பர் கையை இன்னும் உள்ளே தள்ளினார். நாளைக்குத் தன் பையன்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தார். காறித் துப்புவார்கள். துப்பட்டும். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? எட்டோடு நின்றால் தீர்மானம் தோற்றது. தங்கை வீட்டில் அடுப்பு எரியும். பல மாதங்களுக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு லேசானது.

நன்றியாக ஒரு பார்வை கிடைக்கும் என்று கோச்சைப் பார்த்தார்.

கோச்சின் கண் அவர் முகத்தில் இல்லை. தொடைக்கு அடியில் போன அந்தக் கையின் மேல் இருந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

தலைவர் கடைசி முறையாகக் கேட்டார்.

கோச் கையைத் தூக்கினார். காதுக்கு மேல் எழவில்லை. ஆனாலும் அது கைதான்.

ஒன்பது என்றார் தலைவர். எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது பிளம்பர் ஓடிப்போய், பிள்ளைகள் பை மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்த நடையில் அவரைப் பிடித்தார். ஏன் என்று கேட்பதற்குள் கோச்சே சொன்னார். அணியைக் கலைப்பது என்று கிளப் எப்போதோ முடிவெடுத்துவிட்டதாம். தாங்களே கலைத்தால் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள். லீக் துரத்தியது என்றால் பழி லீக்குக்கு. அதனால் தீர்மானம் தோற்கக் கூடாது, ஒரு கை குறைந்தால் நீ கையைத் தூக்கிவிடு, வெளியே மூச்சுவிடாதே என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

குறையாது என்றுதான் அவர் நிம்மதியாக வந்திருக்கிறார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பிளம்பர் தாங்கியிருப்பார். கோச் அவர் தோளைத் தொட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"என்ன ஆனாலும் நான் கை தூக்க மாட்டேன்னு என் பசங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன் மச்சான். உங்களை நம்பித்தான் சொன்னேன்."