தொண்ணூற்றெட்டு கிலோ

முதலில் அவள் தனியாக ஏற வேண்டும்.

பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு.

நிற்க முடியாத பிள்ளைக்கு எடை பார்க்க இதுதான் வழி. சேர்ந்து வருவதில் அம்மாவைக் கழித்தால் பிள்ளை. பிசியோதெரபி நிலையத்தில் வருடத்துக்கு ஒருமுறை இப்படித்தான் பார்ப்பார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின்மேல் ஏறினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதில் ஏதோ குறையப் போகிற மாதிரி.

அறுபத்தேழு.

போன வருடம் எழுபத்து நாலு.

ஏழு கிலோ! கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

“அடேங்கப்பா! எப்படிக்கா குறைச்சீங்க?” என்றாள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பிசியோதெரபி பெண்.

எப்படியா?

மூன்று வருடக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்தது போலிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவாள். மாத்திரை, ஊசி, மெத்தென்ற செருப்பு, சுட்ட செங்கல்மேல் எருக்கிலை வைத்து ஒத்தடம், எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர்தான் சொன்னார். “குதிகால் என்னம்மா பண்ணும், பாவம்? அதுமேல இருக்கிற பாரத்தை இறக்குங்க. தானா விடும்.”

இறக்கினாள். காசுக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுகிறவர்கள் உண்டு. இவள் குதிகாலுக்காகக் கட்டினாள். ராத்திரிச் சோறு போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசனையோடு சரி. சர்க்கரை இல்லாத டீயை வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் குடித்தாள்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. வலி விட்டது. கடைக்குத் தனியாகப் போகும்போது குதிகால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. ஒருநாள் பால் வாங்கப் போனவள் சும்மா இன்னொரு தெருவையும் சுற்றிவிட்டு வந்தாள்.

மகள் பூவிழியைத் தூக்கும்போது மட்டும் விடவில்லை.

இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்போல என்று நினைத்திருந்தாள்.

“வாடி தங்கம்.”

சக்கர நாற்காலியிலிருந்து மகளை அள்ளினாள். பூவிழியின் கைகள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. மெதுவாக மெஷின்மேல் ஏறினாள்.

தொண்ணூற்றெட்டு.

பிசியோதெரபி பெண் கழிப்பதற்குள் தோளிலிருந்து குரல் வந்துவிட்டது. “முப்பத்தொண்ணு! அக்கா, நான் முப்பத்தொண்ணு!”

பதினொரு வயது. காலுக்குத்தான் வலுவில்லை. கணக்கில் புலி.

“சூப்பர்! நல்லா வளந்துட்டியே.”

நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. போன வருட வரிக்குக் கீழே இந்த வருட வரி.

74. 98. 24.

67. 98. 31.

இறங்க வேண்டும் என்பதை மறந்து அப்படியே நின்றாள்.

இதற்குத்தான் சாமியிடம் அழுதிருக்கிறாள். ஒரு வாய் சோறு இறங்க மாட்டேனென்கிறதே, எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று. இப்போது சதை பிடித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

பயமாக இருந்தது.

வருகிற வருடம் ஐந்து கிலோ ஏறும். அதற்கடுத்த வருடம் இன்னும் ஐந்து. இவளிடம் குறைக்க இனி என்ன இருக்கிறது?

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நாலு படி. தரைத்தளத்தில் வீடு காலியில்லை. புருஷன் லாரியில் போகிறவன், வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. மற்ற ஆறு நாளும் பூவிழிக்கு இவள்தான் கால். இவளால் தூக்க முடியாமல் போகிற அன்றைக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோகும். அப்புறம் ஜன்னல்தான்.

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து மகளைத் தூக்கினாள். முதல் மாடி வரை ஒன்றுமில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஆணி இறங்கியது. சுவரில் சாய்ந்து நின்றாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

காதோரம் சின்னக் குரல்.

“அம்மா, போன வருசமும் தொண்ணூத்தெட்டுதானே?”

“வாயை மூடிட்டு கழுத்தை ஒழுங்காப் பிடிடி!”

பூவிழி பிடித்துக்கொண்டாள்.

மதியம் மகளுக்குத் தட்டு வைத்தாள். கரண்டி நிறையச் சோறு அள்ளினாள்.

தட்டுக்கு மேலே கரண்டி நின்றது.

பாதிச் சோறு சட்டிக்கே திரும்பியது.

தன் கை செய்ததை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப் பாவி, அடிப் பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. கை மறுபடி அள்ளவில்லை. தட்டில் இருந்த கொஞ்சத்தின் மேல் ரசத்தை ஊற்றினாள்.

இந்த ஒரு வருடமாகப் பூவிழி எப்போதும் இரண்டாவது முறை கேட்பாள். “இன்னொரு கரண்டிம்மா” என்று தட்டை நீட்டுவாள். ஒருநாளும் தவறியதில்லை.

கேட்கட்டும். கேட்டால் போட்டுவிடலாம். நிறையவே போட்டுவிடலாம்.

கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூவிழி கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றாள். விரலைச் சூப்பினாள். சட்டியைப் பார்த்தாள். அம்மாவின் காலைப் பார்த்தாள்.

“கை கழுவத் தண்ணி ஊத்தும்மா” என்றாள்.

அம்மா சட்டியை மூடினாள்.