கூடுதல் பென்ஷன்

யார்க்‌ஷரில் நகராட்சி ஊழியர் டெரிக், பணம் கட்டிக் கூடுதல் பென்ஷன் வாங்க விண்ணப்பித்தார். உடல்நலச் சான்றிதழ் கேட்டார்கள். தன்னை அறியாத டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்.

"குனிஞ்சு காலைத் தொடுங்க."

டெரிக் மூன்று முறை தொட்டார்.

"முதுகுவலி உண்டா?"

"எனக்கா? நேத்துகூட உருளைக்கிழங்கு போட தோட்டம் பூரா கொத்தினேன் டாக்டர்."

"கல்லு மாதிரி இருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

மறுநாள் சான்றிதழை பென்ஷன் பிரிவு ஹிலரியிடம் நீட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"ரொம்ப சந்தோஷம் டெரிக். பென்ஷனுக்கு இன்னிக்கே பதிஞ்சுடறேன். திங்கக்கிழமை வேலைக்கும் வந்துடுங்க. முதுகை நிமிர்த்த முடியலைன்னு நாலு மாசமா சம்பளத்தோட லீவுல இருக்கீங்களே."

டெரிக்கின் கை தானாக இடுப்புக்குப் போனது.