ரெமிக்கு வேறு வீடு

“இவனை இனிமே என் வீட்டுக்கு அனுப்பாதீங்க. போதும்!”

இர்மா போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. வீட்டுக்குக் கிளம்பக் கோட்டும் தொப்பியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ரெமிக்கும்தான்.

நர்ஸ் ஹில்டேவுக்குச் சுருக்கென்றது. மனநல ஆஸ்பத்திரியில் தேறியவரை ஊரில் ஒரு குடும்பம் தன்னோடு வைத்துக்கொள்வது ஹேல் நகரத்தில் பாட்டன் காலத்து வழக்கம். மனச்சிதைவு நோயோடு ரெமி இர்மா வீட்டுக்குப் போனபோது ஹில்டே பிறக்கவே இல்லை. இப்போது மருந்தை மாற்றிப் பார்க்கத்தான் ரெமி வார்டுக்கு வந்திருந்தார்.

“நான் என்ன தப்பு பண்ணேன், இர்மா?”

“குறட்டை விடுற. சூப்பை உறிஞ்சுற. சுவத்தோட பேசிட்டு, அது பதில் சொல்லலேன்னு என்கிட்ட சண்டைக்கு வர்ற. சர்ச்சுக்குப் பின்னால இருக்கிற லிடியா உன்னை வச்சுக்கிறேன்னு சொல்லிட்டா. போய் அவ உயிரை எடு!”

“அவ உன்னைவிட நல்லாவே சூப் வைப்பா!” ரெமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹில்டே இர்மாவை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

“வெட்கமா இல்லையா அத்தை? இதே மாதிரி ஆஸ்பத்திரியிலிருந்து எங்க வீட்டுக்கு வந்த விக்டர் மாமாவைக் கடைசி வரைக்கும் வச்சிருந்தோம். என்னைத் தோள்ல தூக்கிட்டுச் சந்தைக்குப் போவார். அவரை யாராவது இப்படிப் பேசியிருந்தா, எங்கம்மா மரச்செருப்பைக் கழட்டியிருப்பா.”

இர்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“எனக்குக் கல்யாணமான புதுசு. மாமனார் இவனைச் சைக்கிள் பின்னால உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தார். மடியில பெட்டி. உள்ளே வந்ததும் ‘நாய் சாப்பிட்டுதா?’ன்னுதான் கேட்டான். என் பிள்ளைங்க எல்லாம் நடை பழகினது இவன் விரலைப் பிடிச்சுத்தான்.”

“இவ்வளவும் ஞாபகம் வச்சுக்கிட்டா இப்படிப் பேசுறீங்க?”

“பழசெல்லாம் இருக்குடி. காலையில என்ன தின்னேன்னுதான் தெரியலே. நேத்து மகளோட பேரே வரலே. போகப் போக இன்னும் மோசமாகும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

ஹில்டேவின் குரல் இறங்கியது. “அதை அவர்கிட்டச் சொல்லலாமே அத்தை?”

“சொன்னா, என்னைக் கவனிச்சுக்கிறேன்னு கூடவே உட்கார்ந்துடுவான். கோபமா இருந்தா வேளைக்குச் சாப்பிடுவான், துக்கமா இருந்தா படுத்துடுவான். கோபமாவே போகட்டும்.”

கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

“இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல ஒருத்தர்கூட அவனைப் பார்த்து ‘நீ யாரு?’ன்னு கேட்டதில்லை. முதல்ல கேட்கிறவ நானா இருக்கக் கூடாது.”